தொலைதூரத் தீவும் 17 அங்குல இருக்கையும்

பாரிஸிலிருந்து இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்குச் செல்லும் விமானம் ஏறத்தாழ 9,350 கிலோமீட்டர் தொலைவை 11 மணி நேரத்தில் கடக்கிறது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பசிபிக்கிலுள்ள தஹிதித் தீவின் பப்பீட்டேவுக்கு எட்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. நியூயார்க்கிலிருந்து எங்கும் இறங்காமல் ஹொனலுலுவுக்குப் பறந்தால், மேற்கிலிருந்து வீசும் உயர்மட்டக் காற்றை எதிர்த்துச் செல்லும் பயணத்தில் 11 மணி நேரம் பிடிக்கும். இந்தப் பயணிகளில் மிகப் பெரும்பான்மையோர் அவ்வளவு நேரத்தையும் எகானமி வகுப்பில், 17 அல்லது 18 அங்குல அகலமும் வரிசைக்கு வரிசை 31 அங்குல இடைவெளியும் கொண்ட ஓர் இடத்தில் கழிக்கிறார்கள். அந்த இடம் ஏன் அத்தனை சிறியது, அதில் அமர்ந்திருக்கும் உடலுக்கு என்ன நேர்கிறது, அந்த அளவை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டால், விமான நிறுவனங்களின் பேராசை என்ற ஒற்றை விடை போதாது. தீவுகளுக்கு யார் பயணம் செய்கிறார்கள் என்பதும், நடுவில் கிடக்கும் கடலின் அகலமும், சட்டம் எதைப் பார்க்கிறது எதைப் பார்க்காமல் விடுகிறது என்பதும் சேர்ந்தே அந்த இருக்கையை வடிவமைத்திருக்கின்றன. குறைந்த கட்டணத்துக்குக் குறைந்த இடம் என்ற பேரத்தில் தவறில்லை என்றே நான் கருதுகிறேன். எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாமலே அந்தப் பேரம் முடிந்துவிடுவதுதான் என் வருத்தம்.

கடல் நடுவிலுள்ள தீவுகளுக்கான விமானப் பயணம் செல்வந்தர்களுக்கு மட்டுமே எட்டக்கூடியதாகத் தொடங்கியது. 1935 நவம்பர் 22 அன்று பான் அமெரிக்கன் நிறுவனத்தின் 'சைனா கிளிப்பர்' என்ற நீர்விமானம், அஞ்சல் மூட்டைகளுடன் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து கிளம்பி ஹொனலுலு, மிட்வே, வேக், குவாம் தீவுகளில் இறங்கி மணிலாவை அடைந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் பயணிகளும் அவ்வழியில் செல்லத் தொடங்கினர். கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய் வரையிலான ஏறத்தாழ 3,900 கிலோமீட்டருக்கு ஓர் இரவு முழுவதும் பறக்க வேண்டியிருந்ததால் அந்த விமானத்தில் படுக்கைகள் இருந்தன; பயணிகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இன்று அதே தொலைவு ஐந்து மணி நேரத்தைவிடச் சற்றே கூடுதலான பயணம், படுக்கை இல்லை, ஆனால் ஒரே விமானத்தில் முந்நூறு பேர் செல்ல முடிகிறது. இந்த மாற்றத்துக்கு ஜெட் எஞ்சின் பாதிக் காரணம் என்றால், கட்டண அமைப்பு மறு பாதிக் காரணம். 1952 மே மாதத்தில் வட அட்லாண்டிக் வழித்தடங்களில் 'டூரிஸ்ட்' வகுப்புக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. 1958இல் அதைவிடக் குறைவான 'எகானமி' கட்டணம் வந்தது. இருக்கைகளை நெருக்கி, உணவையும் உபசரிப்பையும் சுருக்கி, கட்டணத்தைக் குறைப்பது என்ற கொள்கை அந்த ஆறு ஆண்டுகளில் வேரூன்றியது. பின்னர் வந்த ஒவ்வொரு பெரிய விமானமும் அந்தக் கொள்கையையே மேலும் ஒரு படி நகர்த்தியது.

அது எப்படி நகர்ந்தது என்பதைப் பார்ப்பது பயனுள்ளது, ஏனெனில் ஒரே நிகழ்வு மூன்று தலைமுறை விமானங்களில் ஏறக்குறைய அப்படியே திரும்ப நடந்திருக்கிறது. 1970 ஜனவரியில் சேவைக்கு வந்த போயிங் 747 விமானத்தின் எகானமி பகுதியில் தொடக்கத்தில் வரிசைக்கு 9 இருக்கைகளே இருந்தன. சில ஆண்டுகளில் அவை 10 ஆயின. 1995இல் வந்த போயிங் 777, உட்புற அகலத்தில் 747ஐவிட ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் குறைவானது. அதற்கேற்ப வரிசைக்கு 9 இருக்கைகளோடுதான் பெரும்பாலான நிறுவனங்கள் அதைப் பறக்கவிட்டன. இன்றோ பெரும்பாலான 777களில் 10 இருக்கைகள் இருக்கின்றன. இருக்கையின் அகலம் 18 அங்குலத்துக்கு மேலிருந்து 17 அங்குலத்தை ஒட்டி இறங்கிவிட்டது, நடைவழியும் ஒடுங்கிவிட்டது. 2011இல் வந்த போயிங் 787இல் 8 இருக்கைகள் வசதியாக அமையும் என்று தொடக்கத்தில் சொல்லப்பட்டது. ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் 9 இருக்கைகளை வைத்தன. ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் சர்வதேச 787 விமானங்களில் 8 இருக்கை வரிசையையே பிடிவாதமாக வைத்துக்கொண்டது, ஹொனலுலு செல்லும் விமானங்களும் இதில் அடங்கும். ஒன்பது பேர் அமரும் வரிசையில் ஒவ்வொருவரிடமிருந்தும் ஓர் அங்குலத்துக்கும் சற்றுக் கூடுதலாக எடுத்து, நடைவழியிலிருந்தும் கொஞ்சம் எடுத்தால், பத்தாவது மனிதருக்கு இடம் பிறக்கிறது. அந்தப் பத்தாவது இருக்கை பறப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு மிகச் சொற்பம். அதிலிருந்து வரும் கட்டணம் ஏறக்குறைய முழுவதும் வருமானம்.

தீவு வழித்தடங்களில் இந்தக் கணக்கு மேலும் கடுமையாகிறது. நியூயார்க், லண்டன், சிங்கப்பூர் போன்ற வணிக நகரங்களுக்கிடையே பறக்கும் விமானத்தில், முன்பகுதியில் அமரும் சில டஜன் பிசினஸ் வகுப்புப் பயணிகள் மொத்த வருமானத்தில் பெரும்பங்கைத் தருகிறார்கள். அவர்களின் கட்டணத்தை அவர்கள் பணிபுரியும் நிறுவனங்கள் கட்டுகின்றன. வெப்பமண்டலத் தீவுக்குச் செல்பவர்கள் வேறு வகையினர். தேனிலவுத் தம்பதிகள், பள்ளி விடுமுறைக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும் குடும்பங்கள், கண்டத்து நகரங்களில் வேலை பார்த்துவிட்டுப் பெற்றோரைப் பார்க்க ஊர் திரும்பும் தீவு மக்கள் ஆகிய எல்லோரும் கட்டணத்தைத் தம் கையிலிருந்தே கொடுப்பவர்கள். கட்டணம் சற்று உயர்ந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுவார்கள், அல்லது வேறு தீவைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆகவே முன்பகுதியின் வருமானத்தைக் கொண்டு பின்பகுதியைத் தாங்கும் வழி இங்கே பெரும்பாலும் இல்லை. பின்பகுதியே தன்னைத் தாங்கிக்கொள்ள வேண்டும், அதுவும் எண்ணிக்கையைக் கூட்டித்தான்.

இதை ஒரே விமானத்தின் இரு வடிவங்களில் காணலாம். ஏர்பஸ் ஏ350-900 விமானத்தை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க் வழித்தடத்துக்காக 161 இருக்கைகளுடன் அமைத்திருக்கிறது. அதில் 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. எகானமி வகுப்பே கிடையாது. அதே ஏ350-900 விமானத்தை, பாரிஸிலிருந்து ரீயூனியனுக்கும் சான் பிரான்சிஸ்கோ வழியாகத் தஹிதிக்கும் பறக்கும் ஃபிரெஞ்ச் பீ என்ற குறைந்த கட்டண நிறுவனம் 411 இருக்கைகளுடன் அமைத்தது. அதில் வரிசைக்கு 9 இருக்கைகள் என்பதே வழக்கமாயிருக்க, அது 10 இருக்கைகளை வைத்தது. அதனினும் நீளமான ஏ350-1000 விமானத்தில் அந்நிறுவனம் 480 பேரை ஏற்றுகிறது. இந்த நெருக்கத்தைக் கண்டு முகம் சுளிப்பது எளிது. ஆனால் அத்தகைய இருக்கை இல்லாவிட்டால், பாரிஸில் செவிலியராகவோ ஓட்டுநராகவோ இருக்கும் ஒரு ரீயூனியன்காரர் தன் குடும்பத்தோடு ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போவது நடவாத காரியமாகிவிடக்கூடும். தீவில் பிறந்தவருக்கு விமானத்துக்கு மாற்றாக ரயிலோ பேருந்தோ இல்லை. அந்த மனிதரை மறந்துவிட்டு இருக்கை அகலத்தைப் பற்றி மட்டும் பேசுவது சரியான பேச்சாகாது.

அடுத்தது கடல். இரண்டு எஞ்சின் மட்டுமே உள்ள விமானம், ஓர் எஞ்சின் நின்றுபோனாலும் மற்றதைக் கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவதொரு விமான நிலையத்தை அடையக்கூடிய பாதையிலேயே பறக்க வேண்டும் என்பது விதி. 1953இல் அமெரிக்கா வகுத்த விதிப்படி அந்த நேரம் 60 நிமிடம். அந்த விதியோடு பசிபிக் தீவுகளுக்கு இரட்டை எஞ்சின் விமானம் செல்வதை நினைத்தும் பார்க்க முடியாது. அதனால்தான் நெடுங்காலம் நான்கு அல்லது மூன்று எஞ்சின் விமானங்களே தீவுப் பயணங்களைச் சுமந்தன. எஞ்சின்களின் நம்பகத்தன்மை வளர, 1985இல் 120 நிமிடமும் 1988இல் 180 நிமிடமும் அனுமதிக்கப்பட்டன. கலிஃபோர்னியாவுக்கும் ஹவாய்க்கும் நடுவே இறங்க ஓர் இடம்கூட இல்லை என்பதால், அந்த 180 நிமிட அனுமதிதான் இரட்டை எஞ்சின் விமானங்களுக்கு ஹவாய் வழியைத் திறந்துவிட்டது. 2014இல் போயிங் 787க்கு 330 நிமிடமும் ஏ350க்கு 370 நிமிடம் வரையும் அனுமதி கிடைத்தபின், உலகின் எந்தத் தீவும் இரட்டை எஞ்சினுக்கு எட்டாததாக இல்லை. எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும் நான்கு எஞ்சின் விமானங்கள் விலகியதால் கட்டணம் இறங்கியது. அதே அனுமதிகளால் ஏ321, போயிங் 737 போன்ற ஒற்றை நடைவழி விமானங்களும் ஹவாய்க்கு ஐந்தாறு மணி நேரப் பயணங்களில் வந்துவிட்டன. அவற்றில் எழுந்து நடக்க இருப்பது ஒரே வழி. உணவு வண்டி நிற்கும் நேரத்தில் அதுவும் அடைபட்டுவிடும்.

கடலின் தாக்கம் எரிபொருள் தொட்டியிலும் தெரியும். சாதாரணமாக ஒரு விமானம், சேர வேண்டிய நிலையத்தில் இறங்க முடியாமல் போனால் வேறொரு நிலையத்துக்குச் செல்லத் தேவையான எரிபொருளையும் சேர்த்து எடுத்துச் செல்ல வேண்டும். அருகே வேறு நிலையமே இல்லாத தீவுகளுக்கு சர்வதேசக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள் வேறொரு வழி சொல்கின்றன: தீவின் மேல் வந்தபின் இரண்டு மணி நேரம் பறக்கப் போதுமான எரிபொருள் கையிருப்பில் இருக்க வேண்டும். மழையோ மேகமோ விலகும்வரை வானில் காத்திருப்பதற்கான ஏற்பாடு அது. வெப்பமண்டல எல்லைக்குச் சற்றே தெற்கிலுள்ள ஈஸ்டர் தீவு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பெரிய இரட்டை எஞ்சின் விமானத்துக்கு இரண்டு மணி நேர எரிபொருள் என்றால் அது பத்து டன் அளவுக்கு வரும். அந்த எடையையும் சுமந்துகொண்டு அத்தனை தொலைவு பறக்க வேண்டியிருப்பதால், விமானத்திலுள்ள மற்ற ஒவ்வொரு பொருளின் எடையும் கிராம் கணக்கில் பார்க்கப்படுகிறது. பயணப்பெட்டிக்கு விதிக்கப்படும் கண்டிப்பான எடை வரம்பும், இருக்கையின் மெத்தை மெலிந்துபோனதும் இதோடு தொடர்புடையவை. எடைக்கும் தொலைவுக்கும் உள்ள உறவைப் பெருந்தொற்றுக் காலம் நேரடியாகக் காட்டியது. 2020 மார்ச்சில் அமெரிக்கா ஐரோப்பியப் பயணிகளுக்குக் கதவை மூடியபோது, லாஸ் ஏஞ்சலஸில் இறங்கிச் செல்லும் ஏர் தஹிதி நூயி விமானம், குறைவான பயணிகளோடு பப்பீட்டேவிலிருந்து பாரிஸ் வரை 15,715 கிலோமீட்டரை ஒரே மூச்சில் கடந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் ஃபிரெஞ்ச் பீ 16,129 கிலோமீட்டர் பறந்து அதையும் தாண்டியது. இருக்கைகள் நிறைந்திருக்கும் வழக்கமான நாளில் நடுவே இறங்கி எரிபொருள் நிரப்பித்தான் ஆக வேண்டும்.

இருக்கையைப் பற்றிப் பேசும்போது பயன்படும் அளவுகளில் ஒன்று பலரையும் குழப்புகிறது. 'பிட்ச்' எனப்படும் வரிசை இடைவெளி, ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன்னிருக்கையின் அதே புள்ளிவரை உள்ள தொலைவு. அது கால் நீட்டும் இடத்தின் அளவு அன்று. இருக்கை முதுகின் தடிமனும் அதற்குள் அடங்கியிருக்கிறது. இதனால்தான், முதுகு மெலிந்த புதிய வகை இருக்கையில் 31 அங்குல இடைவெளி, பழைய தடித்த இருக்கையின் 32 அங்குலத்தைவிட முழங்காலுக்கு இதமாக அமையக்கூடும். பத்திரிகை வைக்கும் பையை முழங்கால் உயரத்திலிருந்து மேலே ஏற்றியதும் ஓர் உண்மையான முன்னேற்றமே. ஆனால் மெலிந்த மெத்தை இரண்டு மணி நேரப் பயணத்துக்குப் போதுமானது. பத்து மணி நேரத்தில் அமர்பவரின் எடை அந்த மெலிவைக் கண்டுபிடித்துவிடும். அகலத்துக்கோ இப்படிப்பட்ட மாற்று எதுவுமில்லை, ஏனெனில் மனிதத் தோள்களை மெலிதாக வடிவமைக்க முடியாது. நீண்ட பயணத்தில் முழங்காலைவிடத் தோள்தான் அதிகம் அவதிப்படுகிறது என்பது என் கருத்து. நிறுவனங்கள் பெருமையாக அறிவிப்பதோ எப்போதும் கால் இடத்தைத்தான்.

உடலுக்கு என்ன நேர்கிறது என்பதைக் காற்றிலிருந்து தொடங்க வேண்டும். விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது உள்ளே தரைமட்டக் காற்றழுத்தம் இருப்பதில்லை. அலுமினிய உடல் கொண்ட விமானங்களில் அது அதிகபட்சமாக 8,000 அடி உயரமுள்ள மலைமேல் இருக்கும் அழுத்தத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது; அங்கு கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் உள்ளதில் நான்கில் மூன்று பங்குதான். ஆரோக்கியமானவரின் ரத்தத்திலும் ஆக்சிஜன் செறிவு சில சதவீதம் இறங்குகிறது. சோர்வும் லேசான தலைவலியும் வருவதற்கு இது ஒரு காரணம். வயிற்றிலுள்ள வாயுவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விரிவடைகிறது. பயண நாளன்று வயிற்றை நிரப்பிக்கொண்டு ஏறக்கூடாது என்பதற்கு அதுவே போதுமான காரணம். கார்பன் இழைக் கலவையால் ஆன போயிங் 787, ஏ350 ஆகியவற்றின் உடல் அழுத்த மாற்றத்தை நன்கு தாங்குவதால், உள்ளழுத்தத்தை 6,000 அடிக்குச் சமமாக வைக்க முடிகிறது. 787இல் தோள் இடிபட்டாலும் தலை பாரமில்லாமல் இறங்க முடிவது இதனால்தான். காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. பயணிகளின் மூச்சும் வியர்வையுமே கேபின் ஈரத்தின் முக்கிய ஆதாரம் என்பதால், ஆட்கள் நெருங்கி அமர்ந்த எகானமி பகுதியின் காற்று, விசாலமான முன்பகுதியின் காற்றைவிடச் சற்று ஈரமானதாகவே இருக்கும். உணவு சப்பென்றிருப்பதற்கும் சமையற்காரர் மட்டும் பொறுப்பல்ல. குறைந்த அழுத்தத்தில் உப்பையும் இனிப்பையும் நாக்கு மந்தமாகவே உணர்கிறது என்பதை லுஃப்தான்சாவுக்காக ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் நடத்திய ஆய்வு காட்டியது. தரையில் தக்காளிச் சாறைத் தொடாதவர்களும் வானில் அதைக் கேட்டு வாங்கிக் குடிப்பதை அந்த ஆய்வே விளக்கியது.

இவையெல்லாம் தற்காலிகத் தொல்லைகள். கால் ரத்த நாளங்களில் ரத்தம் உறைவது வேறு விஷயம், அதை இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும். காலிலிருந்து ரத்தம் மேலே இதயத்துக்குத் திரும்பக் கெண்டைக்கால் தசையின் அசைவு தேவை. மணிக்கணக்காக அசையாமல் அமர்ந்தால் ஆழ்சிரைகளில் ரத்தம் தேங்கி உறையக்கூடும். அந்த உறைகட்டி பிய்ந்து நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. இதை 'எகானமி வகுப்பு நோய்' என்று 1970களிலிருந்து அழைக்கத் தொடங்கினார்கள். ஆனால் இதே நிகழ்வை விமானத்துக்குத் தொடர்பே இல்லாத இடத்தில் 1940இலேயே கீத் சிம்ப்சன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். லண்டன் மீது குண்டுகள் விழுந்த இரவுகளில் மக்கள் பதுங்குமிடங்களில் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே உறங்கினார்கள். நாற்காலியின் முன்விளிம்புச் சட்டம் தொடையின் பின்பக்கத்தை அழுத்த, நுரையீரலில் உறைகட்டி அடைத்து இறந்தவர்களின் எண்ணிக்கை உயர்ந்தது. குற்றவாளி விமானம் அன்று, நீண்ட நேர அமர்வுதான் என்பதை இது காட்டுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு முடிவுகளும் அதையே உறுதிசெய்தன: நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம், விமானம் ஆனாலும் ரயில், பேருந்து, கார் ஆனாலும், உறைகட்டி அபாயத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது. இரட்டிப்பு என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. ஆரோக்கியமானவர்களில் அது ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவர் என்ற அளவே. உடல் பருமன், கருத்தடை மாத்திரை, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, குடும்பத்தில் ரத்த உறைவுக் குறைபாடு ஆகியவை இருப்பவர்களுக்கு அது கூடும். அவர்கள் பயணத்துக்கு முன் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

அந்த ஆய்வுகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, அபாயம் கூடுதலாக இருந்தோர் பட்டியலில் 190 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட உயரமானவர்களோடு 160 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களும் இருந்தது. உயரமானவரின் முழங்கால் இடிபடுவதை எல்லோரும் பார்க்கிறார்கள், அவருக்காகப் பேசுகிறார்கள். குள்ளமானவரின் பாதம் தரையில் ஊன்றாமல் தொங்குவதையும், இருக்கையின் முன்விளிம்பு அவர் தொடையின் அடியில் அழுந்துவதையும் யாரும் கவனிப்பதில்லை. அவர்களுக்குச் செய்ய வேண்டியது எளிது: ஒரு சிறு பையை முன்னிருக்கையின் அடியில் வைத்து அதன்மேல் பாதங்களை ஊன்றிக்கொண்டால் தொடையின் மீதுள்ள அழுத்தம் நீங்கிவிடும். பொதுவாக எல்லோருக்கும், மணிக்கொருமுறை எழுந்து நடப்பதும், அமர்ந்தபடியே குதிகாலையும் விரல்களையும் மாறிமாறி உயர்த்துவதும் பயன் தரும். முழங்கால்வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறைகள் அறிகுறியற்ற உறைகட்டிகளைக் குறைக்கின்றன என்பதற்கு நல்ல சான்று உண்டு. ஜன்னல் இருக்கையில் அமர்பவர்கள், பக்கத்தில் உறங்குபவர்களை எழுப்பத் தயங்கி, எழுந்து நடப்பதையே தவிர்த்துவிடுகிறார்கள். இரவுப் பயணத்தில் அந்தத் தயக்கம் இரண்டு மடங்காகிறது. மேகங்களைப் பார்க்கும் ஆசை பெரிதாக இல்லாதவர்கள் நடைவழி இருக்கையைக் கேட்டு வாங்குவது நல்லது.

பயணத்தின் நீளத்தையும் உடற்கடிகாரக் குழப்பத்தையும் ஒன்றாக எண்ணுவது பரவலான தவறு. பாரிஸிலிருந்து ரீயூனியனுக்கு 11 மணி நேரம் பறந்தாலும் நேர வேறுபாடு கோடையில் இரண்டு மணி, குளிர்காலத்தில் மூன்று மணி மட்டுமே, ஏனெனில் அது பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே செல்லும் பயணம். ஓர் இரவு சரியாகத் தூங்கினால் களைப்பு போய்விடும். பாரிஸிலிருந்து தஹிதிக்குச் செல்பவரோ 11 அல்லது 12 மணி நேர வேறுபாட்டுக்குள் விழுகிறார். பகலும் இரவும் அவருக்குத் தலைகீழாகின்றன. உடல் பழகிக்கொள்ள ஒரு வாரத்துக்கும் மேல் ஆகலாம். பத்து நாள் விடுமுறைக்குச் செல்பவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் உடற்கடிகாரம் இயல்பாக 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது என்பதால், நாளை நீட்டும் மேற்கு நோக்கிய பயணத்தை அது எளிதில் ஏற்கிறது, கிழக்கு நோக்கிய பயணத்தில் அதிகம் தடுமாறுகிறது. கடிகாரத்தைத் திருத்தும் முதன்மைக் கருவி வெளிச்சம். ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமே நீடிக்கும் வெப்பமண்டலத் தீவில், மேற்கே வந்தவர் மாலை வெளிச்சத்தையும் கிழக்கே வந்தவர் காலை வெளிச்சத்தையும் நாடினால் உடல் விரைவில் ஒத்துவரும். பசிபிக்கில் தேதிக்கோடும் விளையாடுகிறது: ஹொனலுலுவிலும் கிரிபாட்டி நாட்டின் கிறிஸ்துமஸ் தீவிலும் கடிகாரம் ஒரே மணியைக் காட்டும், ஆனால் நாள்காட்டியில் ஒரு நாள் வேறுபாடு. தங்குமிட முன்பதிவைத் தவறான தேதியில் செய்துவிடுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கோட்டில்தான் இடறுகிறார்கள்.

வெப்பமண்டலத் தீவுகளுக்குச் செல்லும் வழிகளுக்கென்றே உரிய ஓர் இயல்பு, நிலநடுக்கோட்டை ஒட்டி இரு அரைக்கோளங்களின் வணிகக் காற்றுகளும் சந்திக்கும் மண்டலம். அங்கே எழும் இடிமேகங்கள் விமானம் பறக்கும் உயரத்தையும் தாண்டி 15 கிலோமீட்டருக்கு மேல் ஓங்குவதால், அவற்றுக்கு மேலே ஏறிக் கடக்க முடியாது. சுற்றித்தான் செல்ல வேண்டும். குலுக்கல் சில நேரம் முன்னறிவிப்பின்றி வரும். 2022 டிசம்பர் 18 அன்று ஃபீனிக்ஸிலிருந்து ஹொனலுலு சென்ற ஏ330 விமானம் இறங்குவதற்குச் சற்று முன் கடுமையாகக் குலுங்கியதில் 25 பேர் காயமடைந்தார்கள். அமர்ந்திருக்கும்வரை இருக்கைப் பட்டையைத் தளர்வாகவேனும் கட்டியிருப்பதற்கு மேலான பாதுகாப்பு எதுவும் எகானமி பயணியின் கையில் இல்லை.

இனி சட்டம். விமானத்தில் உள்ள அனைவரும், வெளியேறும் கதவுகளில் பாதி மட்டுமே திறந்திருக்கும் நிலையில், 90 விநாடிக்குள் வெளியேற முடியும் என்று தயாரிப்பாளர் நிரூபிக்க வேண்டும். 2006 மார்ச்சில் ஹாம்பர்க்கில் நடந்த சோதனையில் ஏர்பஸ் ஏ380இலிருந்து 873 பேர் 78 விநாடிகளில் வெளியேறினார்கள். இருக்கையின் நெருக்கத்துக்குச் சட்டம் மறைமுகமாக விதிக்கும் எல்லை பெரும்பாலும் இதுதான். பயணியின் வசதியோ அவர் காலில் உறையும் ரத்தமோ அந்தக் கணக்கில் வருவதில்லை. அமெரிக்காவில் ஃபிளையர்ஸ் ரைட்ஸ் என்ற பயணியர் அமைப்பு தொடுத்த வழக்கில், சுருங்கிவரும் இருக்கைகள் வெளியேற்றத்தைப் பாதிக்குமா என்ற கேள்வியைக் கூட்டாட்சி விமான நிர்வாகம் உரிய சான்றின்றித் தள்ளிவிட்டது என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டித்தது. 2018இல் இயற்றப்பட்ட சட்டம், பாதுகாப்புக்குத் தேவையான குறைந்தபட்ச இருக்கை அளவுகளை ஓராண்டுக்குள் வகுக்கும்படி அந்த நிர்வாகத்துக்கு ஆணையிட்டது. 720 பேரைக் கொண்டு சோதனைகள் நடந்தன. இப்போதைய இடைவெளிகள் வெளியேற்றத்துக்குத் தடையாக இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் அவற்றில் பங்கேற்றவர்கள் 18 முதல் 60 வயதுக்குட்பட்ட, உடல் திடமுள்ளவர்கள் மட்டுமே. விடுமுறைத் தீவுக்குப் பறக்கும் எந்த விமானத்தையும் பாருங்கள்: மடியில் கைக்குழந்தை, கைத்தடியோடு பாட்டி, பள்ளிப் பிள்ளைகள். அந்தச் சோதனை அவர்களின் விமானத்தைச் சோதிக்கவில்லை. சட்டம் கொடுத்த கெடு என்றோ முடிந்துவிட்டது. 2023இல் நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தும்படி கேட்ட மனுவையும் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில் தீப்பற்றிய ஏ350இலிருந்து 379 பேரும் உயிருடன் வெளியேறியது, நெருக்கமான கேபினிலும் ஒழுங்கும் பயிற்சியும் உயிர்காக்கும் என்பதற்குச் சான்றுதான். பெட்டிகளை விட்டுவிட்டு இறங்குங்கள் என்ற பணியாளர்களின் குரலுக்கு அங்கே பயணிகள் கட்டுப்பட்டார்கள். அதைக் காட்டி அளவு எதுவும் வகுக்கத் தேவையில்லை என்று வாதிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போதைக்குப் பயணிக்கு எஞ்சியிருப்பது தேர்வு. விமான நிறுவனத்தின் பெயரைவிட விமானத்தின் வகையும் வரிசையின் அமைப்பும் அதிகம் சொல்லும். இருவராகச் செல்பவர்களுக்கு, பக்கவாட்டில் இரண்டிரண்டு இருக்கைகளே உள்ள 2-4-2 அமைப்பு கொண்ட ஏ330, அதைவிடப் புதிய பல விமானங்களைவிட நல்லது. அதன் இருக்கை அகலமும் ஏறத்தாழ 18 அங்குலம். ஒற்றை நடைவழி ஏ321இன் இருக்கை, பெரிய 787இன் 9 இருக்கை வரிசையைவிடப் பொதுவாக அகலமானது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அவசரக் கதவை ஒட்டிய வரிசையில் காலுக்கு இடம் உண்டு, ஆனால் தட்டுமேசையை உள்ளடக்கும் கைப்பிடி இருக்கையின் அகலத்தைத் தின்றுவிடும். ஏர் நியூசிலாந்து மூன்று எகானமி இருக்கைகளைச் சேர்த்துப் படுக்கை போலாக்கும் ஏற்பாட்டைப் பல ஆண்டுகளாக விற்கிறது. சிறு குழந்தையோடு செல்பவர்களுக்கு அது பொருத்தமானது. இடம் வேண்டுமென்று பிசினஸ் வகுப்புக்கு மாறுபவர், ஓர் எகானமி பயணியைப் போலச் சில மடங்கு எரிபொருளுக்குப் பொறுப்பாகிறார் என்பதும் உண்மை. கடல் உயர்வால் கரை இழந்துகொண்டிருக்கும் தாழ்வான தீவுகளுக்குச் செல்லும்போது அந்தக் கணக்கு இன்னும் கனக்கிறது.

இந்தத் தேர்வைச் செய்யத் தேவையான தகவலைத்தான் பயணச்சீட்டு தருவதில்லை. பெட்டி இத்தனை கிலோவுக்கு மிகக்கூடாது என்பது அதில் தெளிவாக இருக்கும். உணவு உண்டா, தேதியை மாற்ற எவ்வளவு கட்டணம் என்பவையும் இருக்கும். இருக்கை எத்தனை அங்குல அகலம், வரிசை இடைவெளி எவ்வளவு என்பதை மட்டும் பயணி தனியே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. தேடிக் கண்டுபிடித்தாலும் கடைசி நேரத்தில் விமானம் மாறலாம். குறைந்தபட்ச அளவை வகுப்பதற்கு ஆய்வும் வாதமும் நீதிமன்றமும் இன்னும் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு கட்டணத்துக்கும் பக்கத்தில் அந்த இரண்டு எண்களை அச்சிட வேண்டும் என்று விதிப்பதற்கு அத்தகைய ஆய்வு எதுவும் தேவையில்லை. அளவு தெரிந்தால், 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்மணியும் அகன்ற தோளுள்ள இளைஞரும் குழந்தையோடு செல்லும் குடும்பமும் தத்தமக்கு ஏற்றதற்குப் பணம் கொடுப்பார்கள். ஓர் அங்குலம் கூடுதலாகத் தரும் நிறுவனத்துக்கும் அதனால் வாடிக்கையாளர் கிடைப்பார்கள்.